சாயம் ஏறாத துணி

என் மாமாவுக்கு,

உங்கள் பெயரை எழுதித் தொடங்கலாம் என்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. தாலி கட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை, ஆள் போன பிறகு எழுதி என்ன ஆகப் போகிறது? அதனால் வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரியே மாமா. நாலு பேர் கையில் சிக்கினால், கடிதத்தில் புருஷனைப் போய் மாமா என்கிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நம் பக்கம் அப்படித்தான்.

முதல் சேதி. உங்களுக்கு மகன் பிறந்தான். பல்லடம் ரோட்டில் அந்த மழையில் உங்கள் வண்டி சறுக்கியபோது என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தானே, அவன்தான். பெயர் கவின். பையன் பிறந்தால் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு பெயர் சொல்லி வைத்திருந்தீர்கள். அது உங்கள் முதலாளி வீட்டுப் பையன் பெயர். வீட்டிலும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிவிட்டேன். கோபம் வந்தால் வந்து சண்டை போடுங்கள்.

அவனுக்கு வந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் ஹரிணி கைக்குழந்தையாக இருந்தபோது நீங்கள் அடித்த கூத்திலிருந்து தொடங்க வேண்டும். அது இல்லாமல் இது இல்லை.

வீரபாண்டி சாயப்பட்டறையில் உங்களுக்கு ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியும், நம் பட்டறையில் சாயம் ஏறி வந்த துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்து, சரியாக இருந்தால் அந்த லாட்டுக்கு ஓகே சொல்ல வேண்டும். அந்தக் கண்ணைக் கழற்றிப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் வீட்டுக்கும் கொண்டு வந்தீர்கள். "சாந்தா, இன்னைக்கு சாம்பார் நேத்தையவிட ஒரு டோன் லைட்டா இருக்குது" என்பீர்கள். கண்ணால் பார்த்தது போதும், வாயில் போடுங்கள் என்பேன்.

ஹரிணி பிறந்ததும் என் அம்மா மூலனூரிலிருந்து வந்து நம்மோடேயே தங்கிவிட்டாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் நான் தாய் வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் பட்டறையிலிருந்து வெள்ளை பனியன் துணியாகப் பார்த்து வாங்கி வந்து, பாப்பாவுக்குத் துணி கட்ட அடுக்கி வைத்தீர்கள். அந்த வெள்ளைதான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது.

முதலில் தார் மாதிரி கறுப்பாகப் போனாள். நீங்கள் அதிர்ந்து நின்றீர்கள். "அது காட்டுப்பீங்க மாப்பிள்ளை. வயித்துக்குள்ள இருந்த பழசு. எல்லாப் பிள்ளையும் மொதல்ல அப்படித்தான் போகும்" என்றாள் அம்மா. எனக்குப் பால் இறங்க இறங்கக் கறுப்பு போய்ப் பாசி நிறம் வந்தது. பிறகு ஒரு காலையில் நல்ல மஞ்சள். நடுவில் கடுகு போல் சின்னச் சின்னத் திப்பி. நீங்கள் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தீர்கள். "மஸ்டர்ட். பக்கா மஸ்டர்ட். லாட் ஓகேங்க அத்தை!" என்று கத்தினீர்கள். நம் லைன் வீட்டு வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. எனக்கு மானம் போனது.

அதிலிருந்து தினமும் காலையில் அது ஒரு வேலை உங்களுக்கு. இன்றைக்கு லெமன், இன்றைக்கு மஸ்டர்ட், இன்றைக்குக் கொஞ்சம் பிரவுன் கலந்திருக்கிறது. ஒரு தடவை மஞ்சளில் கறுப்பாக இரண்டு புள்ளி இருந்தது. காம்பு வெடித்து என் ரத்தம் அவள் வாய்க்குள் போயிருந்தது, அதுதான் கீழே வந்தது என்று தெரிந்ததும் நீங்கள் ஷேடு எதுவும் சொல்லாமல் மருந்துக் கடைக்கு ஓடினீர்கள். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்ததைவிட, நீங்கள் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதுதான் எனக்கு இப்போது அதிகம் ஞாபகம் வருகிறது.

பிறகு அந்தப் பச்சை.

அந்த வாரம் பட்டறையில் பாட்டில் கிரீன் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் நகக்கண் எல்லாம் பச்சை. சனிக்கிழமை ஹரிணி பச்சையாகப் போனாள். நீங்கள் துணியைப் பார்த்தீர்கள், உங்கள் கையைப் பார்த்தீர்கள், அப்படியே வேலைக்குப் போய்விட்டீர்கள். சாயங்காலம் வந்து பாப்பாவைத் தூக்கவில்லை. மறுநாளும் தூக்கவில்லை. அவள் அழுதால் கூட என்னைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றீர்கள். குழாயடியில் கையில் எலுமிச்சையைத் தேய்க்கிறீர்கள், அடுத்து பிளீச்சிங் பவுடரைத் தேய்க்கிறீர்கள். தோல் உரிந்து போயிற்று. பெண் பிள்ளை என்று சலிப்பு வந்துவிட்டதோ என்று நான் நினைத்தேன் மாமா. அப்படித்தான் நினைத்தேன். கேட்டே விட்டேன்.

"என் கைச் சாயம் பாப்பா வயித்துக்குள்ள போயிருச்சு சாந்தா. அதே ஷேடு. நான் பாத்தேன்" என்று சொல்லி, இவ்வளவு பெரிய ஆள், சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதீர்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "சாயமும் இல்லீங்க, மாயமும் இல்லீங்க. நான் ஒரு வாரமா இவளுக்கு முருங்கைக்கீரையாக் கொட்டிக் குடுத்திருக்கறேன். எங்க ஊர்க் கீரை என்ன செஞ்சிருச்சுன்னு இப்படி அழுகறீங்க?" என்றாள். நீங்கள் நம்பவில்லை. உலகத்தில் வேறு எந்த அப்பன் இப்படிச் செய்வான்? அந்த லாட்டிலிருந்து ஒரு துண்டு பச்சைத் துணியையும் வெட்டி எடுத்துக்கொண்டு, பாப்பாவின் துணியையும் பையில் போட்டுக்கொண்டு எங்களை டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள். "மேடம், ரெண்டும் ஒரே ஷேடுங்களா, கொஞ்சம் பாருங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை மஞ்சளாகவும் போகும், பச்சையாகவும் போகும், பழுப்பாகவும் போகும். நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறுகிறாள், விளையாடுகிறாள் என்றால் பச்சையைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. "சிவப்பா ரத்தம் தெரிஞ்சா வாங்க. அந்த மொதல் நாள் கறுப்பு போனதுக்கு அப்புறம் மறுபடி கறுப்பா வந்தா வாங்க. வெளிறிப் போய் வெள்ளையா வந்துச்சுன்னா அன்னைக்கே வாங்க. மத்ததெல்லாம் நீங்க ரசிச்சுக்கலாம்" என்றார். நீங்கள் அந்த அறையிலேயே பாப்பாவை என்னிடமிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அவள் உங்கள் வெள்ளைச் சட்டையில் இன்னொரு லாட் இறக்கினாள். அதோடுதான் பஸ்ஸில் வந்தீர்கள், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதெல்லாம் ஒரு காலம் மாமா. நாம் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை, எங்கும் சுற்றவில்லை. இருந்தும் அந்த ஆய்த்துணிக் காலத்தை நினைத்தால் எனக்கு வாய் இனிக்கிறது. யாரிடம் போய் இதைச் சொல்ல முடியும்?

இனி கவின்.

பிறந்தபோது நல்ல எடை. கண்ணில் மஞ்சள் தட்டியது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே என்று இளவெயிலில் காட்டினோம். பார்த்தவர்கள் எல்லோரும் தாய்ப்பால் மஞ்சள், தானே போய்விடும் என்றார்கள். அப்படிப் போகிற மஞ்சளும் உண்டுதான். ஹரிணிக்குப் போயிற்றே. இவனுக்குப் போகவில்லை. மாதம் ஒன்று தாண்டியும் கண் வெள்ளை மஞ்சளாகவே இருந்தது. பிள்ளை நன்றாகப் பால் குடித்தான், சிரித்தான். அதனால் யாருக்கும் பயம் வரவில்லை.

ஆயைப் பார்க்க ஆள் இல்லை. அதுதான் உண்மை. நீங்கள் போன பிறகு அந்த உள் அறையை விட்டு நான் வெளியே வருவதே குறைவு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் குண்டு பல்புதான். அந்தப் பல்பு வெளிச்சத்தில் எந்தத் துணியும் மஞ்சளாகத்தான் தெரியும். நான் கழற்றிப் போடுவேன், அம்மா கொண்டு போய் அலசுவாள். வண்டி அப்படியே ஓடியது.

ஒரு நாள் காலையில் கரண்ட் போயிற்று. அறை இருட்டு. கவின் நனைத்துக்கொண்டு கத்துகிறான். வேறு வழியில்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் துவைக்கிற கல்லின் மேல் படுக்கப் போட்டுத் துணியை அவிழ்த்தேன்.

நிறமே இல்லை மாமா.

நீங்கள் கோரா துணி என்று ஒன்றைக் காட்டுவீர்களே, நூல் மில்லிலிருந்து வந்து பின்னி முடித்து, சாயத் தொட்டிக்குப் போகாமல் கிடக்கிற துணி. அந்த நிறம். களிமண் காய்ந்த நிறம். அதே துணியில் ஒன்றுக்குப் போன இடம் மட்டும் கெட்டி மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. வர வேண்டிய நிறம் இடம் மாறி வந்த மாதிரி இருந்தது.

"அம்மா, இங்க வந்து பாரு. வெள்ளையாப் போயிருக்கறான்."

அம்மா குனிந்து பார்த்தாள். "பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, பால் மாதிரிதான் போவான். நீ அழுது அழுது உனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. நாளைக்கு காங்கேயம் போலாம் சாமி. அங்க ஒருத்தர் காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறாராம். மூணு வேளை குடுத்தா மஞ்சள் எறங்கிரும்."

"இன்னொரு நாளா? டாக்டரம்மா அன்னைக்கே வரச் சொன்னாங்களே."

"அது உன்ற மவளுக்குச் சொன்னது. இவன் தினமும் இப்படித்தான் போறான், நான்தான அலசறேன்? நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரு மாத்தமும் இல்ல."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஹரிணியின் மஞ்சளை நினைத்துப் பார்த்தேன். நினைப்பில் அது தங்கம் மாதிரி மின்னுகிறது. அவ்வளவு மஞ்சளாகவா இருந்தது? இல்லை, நீங்கள் கூட இருந்ததால் அப்படித் தெரிகிறதா? அப்போதுதான் நீங்கள் பட்டறைப் பையன்களைத் திட்டுவது காதில் விழுந்தது. "மனசுல வெச்சு ஷேடு பாக்காதீங்கடா. மனசு பொய் சொல்லும். பக்கத்துல வெச்சுப் பாருங்க."

பக்கத்தில் வைக்க நான் எதற்கு எங்கே போவேன்? நம் லைனில் கடைசி வீட்டில் முத்துலட்சுமி என்று ஒரு பெண் குடி வந்திருக்கிறாள். தென்காசிப் பக்கம். அவளும் நானும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றவர்கள். அவள் வாசலில் போய் நின்று, உன் மகள் வெளிக்கி போன துணி ஒன்று கொடு என்றேன். அலசாத துணியாக வேண்டும் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சீனி கேட்பீய, காப்பித்தூள் கேட்பீய. இதையுமாக்கா வந்து கேட்பாவ?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாளியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தாள்.

இரண்டையும் கல்லின் மேல் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இரண்டும் பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகளுடையது. ஒன்று நீங்கள் வாசலில் நின்று கத்தினீர்களே, அந்தக் கடுகு மஞ்சள். இன்னொன்று சுண்ணாம்பு.

அம்மா இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள். "கெளம்பு கண்ணு. காங்கேயம் வேண்டாம். பையனை நான் எடுத்துக்கறேன், நீ அந்தத் துணி ரெண்டையும் எடுத்துக்க" என்றாள்.

அதே டாக்டரம்மாதான். இரண்டு துணியையும் மேசையில் வைத்ததும், போன தடவை மாதிரி சிரிப்பார் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. அவர் துணியை ஜன்னலுக்குக் கொண்டு போனார். திரும்பி வந்து கவினின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எப்போ இருந்து இப்படி?" என்றார். தெரியவில்லைங்க என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தால் தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது என்று அவரே சொன்னார். மலத்துக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுப்பது ஈரலிலிருந்து வருகிற பித்தம், இவனுக்கு அது வருகிற குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், பித்தம் குடலுக்குப் போகாமல் ஈரலிலேயே தேங்கி ஈரலைக் கெடுத்துவிடும் என்றார். கோயமுத்தூருக்குப் போன் செய்தார். வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், இப்படியே போங்கள் என்றார்.

கோயமுத்தூரில் அதேதான் என்று உறுதி செய்தார்கள். குடலில் ஒரு பகுதியை எடுத்து நேராக ஈரலோடு சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன். அவ்வளவு சின்ன வயிறு மாமா, என் உள்ளங்கை அகலம் இல்லை. "லேட் பண்ணாம வந்துட்டீங்க, அது நல்லதும்மா. ஆனா உத்தரவாதமா ஒண்ணும் சொல்ல மாட்டேன். மலத்துல நிறம் வரணும். வந்தா பித்தம் ஓடுதுன்னு அர்த்தம்" என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா எங்கே என்று கேட்டார்கள். நானே போட்டேன்.

ஆபரேஷன் முடிந்தது. அதன் பிறகு எனக்கு ஒரே வேலை. துணியைப் பார்ப்பது. முதலில் ஒன்றுமே போகவில்லை. பிறகு போனான், வெள்ளைதான். அடுத்ததும் வெள்ளை. பக்கத்துக் கட்டிலிலும் அதே நோய்தான், சத்தியமங்கலத்துப் பெண் குழந்தை. அவளுக்கும் நிறம் வரவில்லை. அவள் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், தலையை ஆட்டிக்கொள்வோம். சாமிக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் உண்டு. என்ன நேர்ந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள், கேட்டால் எந்தச் சாமியும் ஆயைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்காது என்பீர்கள்.

ஒரு நாள் காலையில் துணியை அவிழ்த்தேன். ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. வார்டு டியூப்லைட்டை நம்பாமல், துணியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே வெயில் விழுந்திருந்தது. விரித்தேன். மஞ்சள். வெளிறிய மஞ்சள்தான், ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஓடிய மஞ்சள், ஆனால் மஞ்சள். என் மகனுக்குச் சாயம் ஏறிவிட்டது.

"ஏனுங்க! இங்க வந்து பாருங்க!"

நான்தான் கத்தினேன். ஆட்கள் இருக்கிற இடத்தில் உங்களை மாமா என்று கூப்பிட மாட்டேனே, ஏனுங்க என்றுதானே கூப்பிடுவேன். அப்படியே வந்துவிட்டது. நீங்கள் இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை மாமா. சத்தியமாகத் தெரியவில்லை. குழாயடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வரப் போகிறீர்கள் என்றுதான் இருந்தது.

வராந்தா முழுக்க நம் பக்கத்து ஆண்கள். எல்லோருடைய பெண்டாட்டியும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவாள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒருவர் டீ டம்ளரோடு பாதி எழுந்தே விட்டார். நான் கையில் துணியை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

டம்ளர்க்காரர், அந்தச் சத்தியமங்கலத்துக் குழந்தையின் அப்பா, டீயைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்தார். எதற்குக் கூப்பிட்டேன், யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்கவில்லை. தன் பிள்ளைக்கு இன்னும் வராத அந்த நிறத்தைக் குனிந்து, நன்றாகப் பார்த்தார். "மஞ்சள்தானுங்க அம்மிணி. நல்ல மஞ்சளுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அங்கேதான், யாரோ ஒருவர் முன்னால்.

அவர் பெண்ணுக்கும் பிறகு நிறம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் முன்னாலேயே வந்துவிட்டோம். எத்தனையோ நாள் அதை நினைத்துத் தூக்கம் போகிறது.

கவின் இப்போது ஓடுகிறான். வயிற்றின் குறுக்கே தழும்பு இருக்கிறது. அதை யார் வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான், வெட்கம் கிடையாது. ஈரலை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவன் ஆகும்போது என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா அவனுக்கு முருங்கைக்கீரை ஊட்டுகிறாள். ஹரிணி பள்ளிக்கூடத்தில் மஞ்சள் என்று எழுதச் சொன்னால் மஸ்டர்டா, லெமனா என்று டீச்சரிடம் கேட்கிறாளாம். உங்கள் வாய் அப்படியே.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் மாமா. இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது வந்தாலும் சரி, கெட்டது வந்தாலும் சரி, நான் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன். எந்த ஊரில், எத்தனை பேர் நடுவில் நின்றாலும் வாய்விட்டுக் கூப்பிடுவேன். யார் திரும்பிப் பார்த்தாலும் வெட்கப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்கும், நீங்கள் பார்க்காத மகனுக்கும் அம்மாவான
உங்கள் சாந்தாமணி